பார்க்கின்சனில் இல்லாத ஆட்கள் தெரிந்தால்: எந்த வழி, எந்த மாத்திரை?

ஒருநாள் ராத்திரி தட்டை முன்னால் வைத்தும் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, ஆறிப்போகுது" என்றேன். ஊஞ்சல் பக்கம் கண்ணைக் காட்டி, "அந்தப் புள்ளைங்க ரெண்டும் மத்தியானத்துலேருந்து அங்கயே உக்காந்திருக்கு. அதுங்களுக்கும் ஒரு வாய் போடும்மா" என்றார். ஊஞ்சலில் இருந்தவை இரண்டு தலையணைகள். அவர் முகத்தில் பயமே இல்லை. வீட்டுக்கு வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டோமே என்ற சங்கடம் மட்டும் இருந்தது.

அப்போது அவருக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் நாங்கள் ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்துவிட்டோம். சில வழிகளில் சறுக்கியும் விழுந்தோம். இப்போது தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் போன் செய்து "என்ன மாத்திரை குடுக்கறீங்க?" என்று கேட்கிறார்கள். மாத்திரைப் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட முடியாது, அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்தையும் கூட்டுவதோ நிறுத்துவதோ உங்கள் நியூரோ டாக்டரோடு பேசித்தான். ஆனால் அவர் அறையில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால், அந்தப் பத்து நிமிஷம் வீணாகாது.

முதலில் இது பைத்தியமும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா குணசீலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கச் சொன்னார். நல்ல மனசோடு சொன்னதுதான். பெருமாளைச் சேவிக்கப் போகலாம், தடையில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். சிட்னியில் பார்க்கின்சன் உள்ளவர்களை 20 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதுவரை உயிரோடு இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மாயக்காட்சி இருந்தது. நோய் மூளையில் பரவும்போது, கண் கொடுக்கும் தகவலைச் சேர்த்துப் புரிந்துகொள்கிற பகுதிகளும் அடிபடுகின்றன. கை கால் அசைவுக்கு மூளையில் வேண்டிய ரசாயனம் டோபமைன், இந்த நோயில் குறைந்துபோவது அதுதான். நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் அதை ஈடுகட்டக் கொடுக்கிற டோபமைன் மருந்துகள் காட்சியை இன்னும் கிளறிவிடுகின்றன. பார்க்கின்சனுக்கு நெருங்கிய உறவான மறதி நோய், லூயி பாடி டிமென்ஷியா. அதில் இது ஆரம்பத்திலேயே வந்துவிடும்.

சிக்கலே இங்கேதான். கை கால் ஓட மருந்தைக் கூட்டினால் காட்சி கூடும். காட்சியை அடக்க மருந்து கொடுத்தால் கை கால் கட்டிப்போகும். எந்த வழியை எடுத்தாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் எதைக் கேட்கிறது என்று பார்க்கலாம்.

சும்மா விடுவதும் ஒரு வழிதான். யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது, ஓரக்கண்ணில் பூனை ஓடுகிறது, ஆணியில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரிகிறது என்ற அளவில் இருந்து, "இது நிஜமில்லைன்னு எனக்கே தெரியும்" என்று அவரே சொன்னால் மருந்து எதற்கு? தலையணையை உள்ளே வைத்தோம். கூடத்துக் குண்டு பல்பை எடுத்துவிட்டு வெளிச்சமான டியூப் லைட் போட்டோம். பாத்ரூம் போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு விளக்கு எரியும். கண் டாக்டரிடம் போனபோது இரண்டு கண்ணிலும் புரை என்றார். ஒன்றை எடுத்ததுமே பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. பார்வை மங்கினால் மூளை தானாக எதையாவது போட்டு நிரப்பிக்கொள்ளும் என்பதை இதற்குள் தெரிந்துகொண்டேன். ஒன்றரை வருஷம் இப்படியே ஓட்டினோம். இதற்கும் விலை உண்டு. இது பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்காது, வருஷம் போகப் போக வளரும். அதனால் சும்மா விடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினால் இன்னும் நல்லது. பல பெரியவர்கள் தங்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்களோ என்று பயந்து வாயே திறப்பதில்லை. நாமாகத்தான் கேட்க வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளற ஆரம்பித்தால் அது வேறு கதை. அப்போது மனநல மாத்திரையைப் பற்றிப் பேசவே கூடாது. யூரின் இன்ஃபெக்‌ஷன், நெஞ்சுச் சளி, நாலு நாள் மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, சோடியம் இறங்கியது, எங்கேயோ விழுந்து தலையில் அடி என்று காரணம் உடம்பில் எங்காவது இருக்கும். அதைப் பிடித்தால் காட்சியும் போய்விடும். புதிதாகச் சேர்த்த மருந்தையும் சந்தேகப்பட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு தடவை குற்றவாளி அவில். அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சாதாரண மாத்திரை. மூன்றாம் நாள் அப்பா சுவரில் எறும்பு பிடித்துக்கொண்டிருந்தார். வலிக்குக் கொடுக்கிற டிரமடால், அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் சில மாத்திரைகள், தூக்க மாத்திரை எல்லாம் இந்த வரிசைதான்.

இந்த வழிக்கு விலை ஒரு யூரின் டெஸ்ட், ஒரு ரத்த டெஸ்ட். இதைச் செய்யாமல் அடுத்த படிக்கே போகாதீர்கள்.

அடுத்தது, ஏற்கெனவே ஓடுகிற பார்க்கின்சன் மருந்துகளைக் கழிப்பது. என் அனுபவத்தில் குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பழைய சீட்டைப் பார்த்தால் ஐந்து, ஆறு வகை இருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஒன்று சேர்ந்திருக்கும், எதுவும் போயிருக்காது. கழிப்பதற்குப் பொதுவாக ஒரு வரிசை உண்டு. நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், அதாவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாசிடேன், முதலில் போகும். அப்புறம் அமான்டடின். அப்புறம் பிரமிபெக்சோல், ரோபினிரோல். பிறகு ரசஜிலின், செலெஜிலின். பிறகு என்டகபோன். கடைசியில்தான் லெவோடோபா, அதாவது சின்டோபா. ஏன் அது கடைசி? கொடுக்கிற காசுக்கு அதிக நடையும் குறைந்த காட்சியும் தருவது அதுதான்.

அப்பாவுக்குப் பாசிடேனைப் படிப்படியாக எடுத்தார்கள். கை நடுக்கம் கொஞ்சம் கூடியது, டம்ளரில் பாதி காபிதான் ஊற்ற முடிந்தது. ஆனால் மூன்று வாரத்தில் மனுஷன் தெளிந்துவிட்டார், பேப்பர் கேட்டார். பாதி டம்ளர் காபியைப் போல் மலிவான விலை வேறெதிலும் கிடைக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எதையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். டோபமைன் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாவது, சீட்டில் இல்லாததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பூனைக்காலி விதைப் பொடி நரம்புக்கு நல்லது என்று பாலில் கலந்து கொடுக்கிற வீடுகள் நிறைய. அந்த விதையில் இருப்பதே லெவோடோபாதான். சின்டோபாவோடு அதையும் கொடுத்தால், அளவு தெரியாமல் கூடுதல் மருந்து கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

கழித்தும் போதவில்லை, மறதியும் சேர்ந்திருக்கிறது என்றால் ரிவாஸ்டிக்மின் ஒரு நல்ல நடுவழி. இது மறதி நோய்க்கான மருந்து. நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டி வேலை செய்கிறது. லூயி பாடி டிமென்ஷியாவில் 120 பேரிடம் செய்த சோதனை 2000-இல் வந்தது. மாயக்காட்சியும், நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்புகிற மருட்சியும் குறைந்தன. 2004-இல் பார்க்கின்சன் டிமென்ஷியா உள்ள 541 பேரிடம் பார்த்ததில் நினைவும் நடத்தையும் ஓரளவு மேம்பட்டன. விலை என்ன? குமட்டல், வாந்தி, எடை குறைவு. சிலருக்கு இதயத் துடிப்பு மெதுவாகும், அதனால் முதலில் ஒரு ஈசிஜி எடுக்க வேண்டும். பத்தில் ஒருவருக்கு நடுக்கம் கூடியது. தோலில் ஒட்டும் பட்டையாக வாங்கினால் வயிற்றுத் தொல்லை குறையும், காசு கூடும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கு ராத்திரி தூங்க விடாமல் கத்துகிறவருக்கு இது உதவாது. டோனெபெசிலும் இதே குடும்பம். ஜப்பானில் அதை லூயி பாடிக்கென்றே 2014-இல் அனுமதித்தார்கள்.

இனி மனநோய்க்கான மருந்துகள். இங்கேதான் நாங்கள் வசமாக மாட்டிக்கொண்டோம்.

ஒரு ராத்திரி அப்பா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, திருடன் வந்துவிட்டான் என்று கம்போடு வெளியே போய்விட்டார். பயந்துபோய்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பெயர் வேண்டாம். கேஷுவாலிட்டியில் இருந்த பையன் ரொம்பக் கனிவாகப் பேசி, "தூங்க வைச்சிடறேன், கவலைப்படாதீங்க" என்று ஹாலோபெரிடால் ஊசி போட்டான். அப்பா தூங்கினார். எழுந்தபோது மரக்கட்டை. வாய் திறக்கவில்லை, விழுங்க முடியவில்லை, கை மடங்கினால் நீளவில்லை. பழைய நடைக்குத் திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. அந்தப் பையனை நான் திட்டவில்லை. கிழவர் கத்துகிறார் என்றால் கைக்கெட்டும் ஊசி அது. அவர் பார்க்கின்சன்காரர் என்று நான்தான் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், பதற்றத்தில் திருடன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவை டோபமைனை அடைத்துத்தான் வேலை செய்கின்றன. பார்க்கின்சனில் ஏற்கெனவே இல்லாதது அதுதான். ஹாலோபெரிடால், குளோர்ப்ரோமசின் கூடவே கூடாது. புது வகை என்று சொல்லப்படும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் இரண்டுமே நடையைக் கெடுக்கும். லூயி பாடி டிமென்ஷியாவில் இன்னும் மோசம். இந்த மருந்துகளைத் தந்தவர்களில் பாதிப் பேருக்குக் கடுமையான எதிர்விளைவு வந்ததாக 1992-லேயே எழுதிவிட்டார்கள். வாந்திக்குப் போடும் பெரிநார்ம், தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டெமெட்டில் இரண்டும் இதே வேலையைச் செய்கிறவை. எங்கள் வீட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் இப்போது சிவப்பு மையில் ஒரு அட்டை: "பார்க்கின்சன் நோயாளி. இந்த ஆறும் தரக்கூடாது." கீழே ஆறு பெயர்கள்.

அப்படியானால் எதைத் தரலாம்? மூன்றே மூன்று.

முதலாவது குவெட்டியாபின். எந்த டாக்டரும் முதலில் எழுதுவது இதைத்தான். மலிவு, எங்கும் கிடைக்கும், ரத்தப் பரிசோதனை தேவையில்லை. 25 மி.கி. மாத்திரையில் பாதியை ராத்திரி கொடுத்து மெல்லக் கூட்டுவார்கள். மனச்சிதைவில் 300 மி.கி.க்கு மேல் தருகிற மருந்து இது, இங்கே 100-க்குள் நின்றுவிடும். நடையை அதிகம் கெடுக்காது, தூக்கமும் வரும். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலானது என்று இது உறுதியாக நிரூபித்துக்காட்டியதில்லை. எல்லோரும் தருகிறார்கள், சிலருக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். காலையில் எழுந்து நிற்கும்போது பிபி இறங்கித் தலைசுற்றும். பார்க்கின்சனே பிபியை இறக்குகிற நோய். அப்பா இரண்டு தடவை விழுந்தார். நல்லவேளை, இடுப்பு தப்பியது. நாலு மாதம் கொடுத்தோம். பகலெல்லாம் தூங்கினார், பிள்ளைகள் போகவில்லை.

இரண்டாவது குளோசபின். சான்று கேட்டால் இதற்குத்தான் உண்டு. 1999-இல் அமெரிக்காவில் ஒன்று, பிரான்சில் ஒன்று என இரண்டு சோதனைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் 60 பேர்தான். இரண்டுமே ஒரே பதிலைச் சொன்னன: காட்சி குறைகிறது, நடை கெடுவதில்லை. அமெரிக்கச் சோதனையில் சராசரி அளவு 25 மி.கி.கூட இல்லை. நடுக்கமும் கொஞ்சம் குறைந்தது. நம் ஊரில் விலையும் அதிகமில்லை.

அப்புறம் ஏன் யாரும் எழுதுவதில்லை? ரத்தம்தான் காரணம். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு இது வெள்ளணுக்களைச் சரித்துவிடும். கவனிக்காமல் விட்டால் சாதாரணத் தொற்றே ஆளைக் கொன்றுவிடும். 1975-இல் பின்லாந்தில் அப்படிச் சிலர் இறந்து, இந்த மருந்தையே பல நாடுகள் ஒதுக்கி வைத்தன. அளவு குறைவு என்பதால் இந்த ஆபத்து குறையாது. எங்களுக்குச் சொன்ன கணக்கு: முதல் 18 வாரம் வாரம் ஒரு தடவை ரத்தம், அப்புறம் மாதம் ஒரு தடவை. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றைக்கே எடுக்க வேண்டும். எச்சில் ஒழுகும், தூக்கம் வரும், பிபி இறங்கும். மலச்சிக்கல் விளையாட்டில்லை, குடலே அடைத்துவிடலாம். இன்னொன்று அவசியம் தெரிந்திருக்க வேண்டும். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு வழக்கமாக எழுதுகிற சிப்ரோஃப்ளாக்சசின் ரத்தத்தில் குளோசபின் அளவை ஏற்றிவிடும். பீடி, சிகரெட்டைத் திடீரென்று விட்டாலும் அதேதான்.

மூன்றாவது பிமவான்செரின். டோபமைனைத் தொடாமல் செரடோனின் வழியே வேலை செய்கிறது. பார்க்கின்சன் மாயக்காட்சிக்கென்றே அமெரிக்கா 2016 ஏப்ரலில் அனுமதித்தது. நாளுக்கு 34 மி.கி. நடை கெடாது, ரத்தப் பரிசோதனை வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதிக்கு அடிப்படையான சோதனை 199 பேரிடம் 6 வாரம் நடந்தது, பலனும் மிதமானது. வேலை செய்ய ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஈசிஜி பார்க்காமல் தர முடியாது. விலையும் மற்ற இரண்டுக்கும் பக்கத்திலேயே வராது. காசு ஒரு பிரச்சினை இல்லை, அவசரமும் இல்லை, அடிக்கடி ஊசி குத்த வழியில்லை என்கிற வீட்டுக்கு இதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். மற்றவர்கள் இதற்காக ஏங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

என் கட்சி குளோசபின். வாரம் ஒரு ஊசிக்குப் பயந்து, நிரூபணமில்லாத மாத்திரையில் ஆளை மாதக்கணக்கில் மயக்கத்தில் வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். குவெட்டியாபினை முதலில் முயல்வதில் தவறில்லை. ஆறு, எட்டு வாரம் போதும். கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் "குளோசபின் பார்க்கலாமா டாக்டர்?" என்று நாமே கேட்கலாம். ஆனால் லேப் பக்கத்தில் இல்லாத கிராமம், காய்ச்சல் வந்தால் கவனித்துச் சொல்ல ஆளில்லாத வீடு, ஊசியைக் கண்டாலே அடிக்க வரும் பெரியவர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விலை உண்டு, அதை மூடி மறைக்கக் கூடாது. டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் நடந்த 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பத்து வார அளவிலான சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இதயம், நிமோனியா போன்றவைதான் காரணம். அதனால் ஆரம்பிக்கும்போதே "எப்போது நிறுத்திப் பார்ப்போம்?" என்று தேதி கேட்டு வாங்குங்கள்.

அல்சைமருக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே காட்சியைவிட "என் நகையைத் திருடிட்டாங்க" வகைச் சந்தேகம்தான் அதிகம். 2006-இல் வந்த 421 பேர் சோதனையில், ஒலான்சபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மூன்றிலும் கிடைத்த பலனைப் பக்கவிளைவு தின்றுவிட்டது. ரிஸ்பெரிடோனைப் பிரிட்டனில் அனுமதித்திருப்பது விடாத ஆக்ரோஷத்துக்கு, அதுவும் 6 வாரம் மட்டும். பக்கவாத ஆபத்து உண்டு. பிமவான்செரினை அல்சைமர் மருட்சிக்கும் அனுமதிக்கக் கேட்டபோது 2022-இல் அமெரிக்கா மறுத்துவிட்டது.

மருட்சி என்றதும் அம்மாதான் ஞாபகத்துக்கு வருகிறார். காட்சிகளை எங்களால் தாங்க முடிந்தது. எழுபத்தோரு வயது அம்மாவைப் பார்த்து அப்பா ஒருநாள், "யாரு அவன்? கொல்லப் பக்கமா வந்துட்டுப் போறானே" என்று கேட்டபோதுதான் வீடே உடைந்தது. இது பார்க்கின்சனில் அடிக்கடி வருகிற மருட்சிகளில் ஒன்று என்று டாக்டர் சொன்னார். நோயின் பேச்சு என்று தெரிந்தாலும் வலிக்காமல் இருக்குமா? அம்மா ஒரு வாரம் அவர் தட்டில் சோறு போடவில்லை, நான்தான் போட்டேன். மறுத்து வாதாடினோம், சத்தியம் பண்ணினோம், கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தோம். சாவி மட்டும் கொஞ்சம் வேலை செய்தது. வாதம் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. அப்புறம் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். அப்பா ஆரம்பித்ததும், "பயமா இருக்காங்க? நான் இங்கதானே இருக்கேன், வாங்க, காபி சாப்பிடலாம்" என்று கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய்விடுவார். ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

சும்மா விடலாமா, மருந்தா என்பதற்கு எங்கள் எல்லைக்கோடு இதில்தான் விழுந்தது. ஊஞ்சல் பிள்ளைகள் யாருக்கும் தொந்தரவில்லை. கம்பை எடுப்பதும் அம்மாவைச் சந்தேகிப்பதும் அவரையும் எங்களையும் சேர்த்துச் சாப்பிடுகிற விஷயம். அந்தக் கட்டத்தில் மருந்துக்குத் தயங்கக் கூடாது. கம்பு, அரிவாள் எல்லாம் கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும். பார்த்துக்கொள்கிறவருக்கும் யாரிடமாவது பேச வேண்டும். அம்மா அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் ஒரு தடவை முக்கால் மணி நேரம் பேசினார், தமிழிலேயே. என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ராத்திரி பன்னிரண்டரை மி.கி. குளோசபின், காலையில் ரிவாஸ்டிக்மின் பட்டை, சின்டோபா கொஞ்சம் குறைத்த அளவில். நடை முன்னைப்போல் இல்லை, வாக்கர் வந்துவிட்டது. கொல்லைப் பக்கத்து ஆள் போய்விட்டான். பதினெட்டு வாரம் முடிந்து, லேப் பையன் இப்போது மாதம் ஒரு தடவைதான் வருகிறான். போன மாதம் ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தியதும் அப்பா ஊஞ்சல் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. "என்னப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. புள்ளைங்க இருந்தா ஊசியப் பாத்து அழுதிருக்கும்" என்றார்.